போட்டி போடும் முதலாளிகள் எப்போது ஒன்று சேர்வார்கள்?



ஒரே தெருவில் ரெண்டு மளிகைக் கடை இருந்தால் என்ன நடக்கும்? ஒருத்தர் விலையைக் குறைச்சா மற்றவரும் குறைக்கணும். இல்லாவிட்டால் வியாபாரம் போயிடும். இதுதான் போட்டி. அப்படியானால் முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் எதிரிகளா? இல்லை!

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் ‘நாடுகளின் செல்வம்’ என்ற புத்தகம் எழுதினார். முதலாளிகள் கூலியை உயர்த்தக் கூடாது என்பதில் மட்டும் சத்தமில்லாமல் ஒன்றாக இருப்பார்கள் என்று அதில் சொன்னார். அவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் ஒன்று சேர்வது சுலபம். பிறகு வந்த கார்ல் மார்க்சும், லாபத்தைப் பங்கு போடுவதில் முதலாளிகளுக்குள் சண்டை, தொழிலாளர்களுக்கு எதிராக ஒற்றுமை என்று விளக்கினார். இந்தப் பொது லாபத்துக்குப் பெயர்தான் ‘வர்க்க நலன்’.

சரி, நல்ல மனசு உள்ள முதலாளி ஒருத்தர் இருந்தால் போதாதா? இதற்கு ஒரு உண்மைச் சம்பவம்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதி பீங்கான் சாமான்களுக்குப் பேர் போனது. அங்கே நம்மை விடச் சின்னப் பிள்ளைகள் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு சூடான உலர்த்தும் அறைக்கு ஓடி ஓடி வேலை பார்த்தார்கள். ஒரு 9 வயசுப் பையன் காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை வேலை செய்தான். 15 மணி நேரம்!

1863-ல் அங்குள்ள 26 கம்பெனிகள் அரசுக்கு ஒரு மனு கொடுத்தன. புகழ்பெற்ற வெட்ஜ்வுட் கம்பெனியும் அதில் உண்டு. ‘பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் போடுங்கள்’ என்று முதலாளிகளே கேட்டார்கள்! ஏன் தெரியுமா? ஒருத்தர் மட்டும் நேரத்தைக் குறைச்சா அவருக்குச் செலவு கூடும், போட்டியில் தோற்றுப் போவார். எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்தால் யாரும் தோற்க மாட்டார்கள்.

1864-ல் தொழிற்சாலைச் சட்டம் பீங்கான் தொழிலுக்கும் வந்தது. 8 வயதுக்குக் கீழே வேலை கிடையாது. 13 வயது வரை அரை நேர வேலை, மீதி நேரம் பள்ளிக்கூடம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? போட்டி விலையைக் குறைக்கும், ஆனால் தானாகப் பிள்ளைகளைக் காப்பாற்றாது. ஒருத்தரோட நல்ல மனசு மட்டும் போதாது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் வேண்டும்.

சிந்திப்போம் தோழர்களே!

– 9-ஆம் வகுப்பு மாணவி