கடைசிப் பத்து மீட்டர்

நுழையும்முன்

அறியாத ஊரில் வழிகேட்டு நடந்தது ஒரு காலம். திறன்பேசியைப் பார்த்து நடப்பது இக்காலம். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நாம் நிற்குமிடத்தை நமக்கு அறிவிக்கின்றன. அவ்வறிவிப்பு எவ்வாறு கிடைக்கிறது? அதனை எந்த அளவிற்கு நம்பலாம்? உலகின் பல நாடுகளில் ஆடப்படும் ஒரு தேடல் விளையாட்டின் வழியாக இதனை அறிவோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்கு அருகே பீவர்கிரீக் என்னும் ஊர் உள்ளது. 2000ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், டேவ் அல்மர் என்னும் கணினி வல்லுநர் அவ்வூர்ப் பகுதியில் மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் கறுப்பு வாளி ஒன்றை மறைத்து வைத்தார். நூல்கள், மென்பொருள், கவண், அவரை அடைத்த தகரக் குவளை, வருவோர் பெயரெழுத ஒரு குறிப்பேடு ஆகியன அதனுள் இருந்தன. பின்னர், அவ்விடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார்: வடக்கு 45 பாகை 17.460 நிமிடம், மேற்கு 122 பாகை 24.800 நிமிடம். "ஒன்றை எடுங்கள், ஒன்றை வையுங்கள்" என்பதே அவர் விதித்த விதியின் சாரம். மூன்று நாள்களுக்குள் இருவர் அவ்வாளியைக் கண்டடைந்தனர். 'ஜியோகேச்சிங்' எனப்படும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. தமிழில் இதனைப் 'புவிப்புதையல் தேடல்' எனலாம்.

நீக்கப்பட்ட பிழை

இவ்விளையாட்டு அந்த மே மாதத்தில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஜி.பி.எஸ். என்னும் உலகளாவிய அமைவிடம் கண்டறியும் தொகுதி, அமெரிக்கப் படைத்துறையின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்கள் பெறும் குறிகையில் அந்நாட்டரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்திருந்தது. அதனால் காட்டப்படும் இடம் நூறு மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் நள்ளிரவில் அப்பிழை நீக்கப்பட்டது. கருவிகளின் துல்லியம் ஒரே இரவில் பன்மடங்கு உயர்ந்தது. நூறு மீட்டர்ப் பரப்பிலுள்ள காட்டில் ஒரு வாளியைத் தேடுவது அரிது. சில மீட்டர் வட்டத்திற்குள் தேடுவது இயலும். இவ்வேறுபாட்டைச் சோதித்தறியவே அல்மர் வாளியை வைத்தார்.

இடம் அறியும் முறை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் இயங்குமாறு இத்தொகுதி பேணப்படுகிறது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் குறிகை புறப்பட்ட நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் அக்குறிகை நம்மை அடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. இந்நேரத்தைக் கொண்டு திறன்பேசி தொலைவைக் கணிக்கிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடத்தைக் கணிக்கலாம். ஆயினும், திறன்பேசியின் கடிகாரம் அணுக் கடிகாரத்தைப் போல் துல்லியமானதன்று. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். அப்பிழையைத் திருத்த நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

தெரியுமா?
திறன்பேசி இச்செயற்கைக்கோள்களுக்கு எதையும் அனுப்புவதில்லை, அவற்றிடமிருந்து பெறுகிறது. எனவே, இணைய இணைப்பு இல்லாத காட்டிலும் இருப்பிடத்தை அறியலாம். நிலப்படத்தை மட்டும் முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் எல்லை

புதையலின் ஆயத்தொலைவுகள், நிமிடத்தின் மூன்றாம் பதின்ம இடம் வரை எழுதப்படுகின்றன. வடக்கு தெற்காக அக்கடைசி இலக்கத்தின் மதிப்பு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆனால், திறந்த வெளியிலேயே திறன்பேசியின் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். மறைத்தவர் ஐந்து மீட்டர் கிழக்கே பிழைத்து, தேடுபவர் ஐந்து மீட்டர் மேற்கே பிழைத்தால் இருவருக்குமிடையே பத்து மீட்டர் இடைவெளி உண்டாகும். அடர்ந்த மரங்களின் கீழ்க் குறிகை வலுவிழக்கும். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் குறிகை, தொலைவைக் கூட்டிக் காட்டும். அங்கெல்லாம் பிழை இன்னும் மிகும். எண்கள் நுண்மையாக எழுதப்பட்டிருப்பதாலேயே அளவீடும் நுண்மையானதாகிவிடாது.

இதனை அறிந்த தேடுநர், இலக்கை நெருங்கியதும் அம்புக்குறியின் பின்னால் அலைவதில்லை. ஓரிடத்தில் சற்று நின்று, அளவீடு நிலைபெறக் காத்திருப்பர். வேறொரு திசையிலிருந்து மீண்டும் அணுகிப் பார்ப்பர். பின்னர்த் திறன்பேசியைப் பையில் வைத்துவிடுவர். அதன்பின் வேலை கண்ணுக்கும் அறிவுக்கும் உரியது. இயல்பாகக் கிடக்கும் கற்களுக்கிடையே அடுக்கிய கல் எது? மரப்பொந்தின் வாயில் சருகு குவிந்தது எவ்வாறு? மறைத்தவர் எவ்வாறு எண்ணியிருப்பார்? இவ்வினாக்களே புதையலிடம் சேர்க்கின்றன.

ஆடுவோர் அறம்

கண்டடைந்தவர் குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதற்கீடான வேறொன்றை வைப்பார்; பேழையை இருந்தவாறே மறைத்துத் திரும்புவார். தனியார் நிலத்தில் உரியவரின் இசைவின்றி எதையும் வைத்தலாகாது. தொடர்வண்டிப் பாதை, பாலம் போன்ற இடங்களில் மறைக்கப்படும் பொருள் மக்களிடையே அச்சத்தை விளைவிக்கும் என்பதால் அவ்விடங்கள் தவிர்க்கப்படுகின்றன. உணவுப் பொருள்கள் விலங்குகளை ஈர்க்கும். ஆதலால் அவையும் விலக்கப்படுகின்றன. முதல் வாளியில் இருந்த அவரைக் குவளையை இன்றைய விதி ஏற்காது. பட்டறிவால் விளையாட்டும் திருந்துகிறது.

இருபதாயிரம் கி.மீ. தொலைவிலிருந்து வரும் குறிகை நம்மைப் பத்து மீட்டர் வட்டத்திற்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது மானுட அறிவின் பெரும் வெற்றி. அவ்வட்டத்திற்குள் கருவி காட்டிய புள்ளியையே பிடித்துக்கொண்டு நிற்பவர் வெறுங்கையுடன் திரும்புவார். கருவியின் எல்லையை உணர்ந்து சுற்றிலும் பார்ப்பவரே புதையலைக் காண்பார். எந்தக் கருவியைக் கையாளும்போதும் அது எவ்வளவு பிழைக்கக்கூடும் என்று கேட்டறிவது அறிவியல் மனப்பான்மையின் முதற்படியாகும்.