304 தெரிந்தவருக்குப் போக்கர்: எந்தக் கை பெரியது, ஏன்?



வழக்கமாக இந்த நேரத்தில் வரி, காப்புறுதி, ஓய்வூதியம் என்றுதான் பேசுவேன். இம்முறை கடதாசி விளையாட்டு. அண்மையில் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டது இது: "அண்ணை, என்ர மகன் கொம்பியூட்டரில போக்கர் விளையாடுறான். ஸ்ற்றாச வந்தும் ஃபிளஷ் அடிச்சுப்போட்டுது எண்டு கத்துறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விளங்கினால்தானே நான் அவனோட கதைக்கலாம்?"

நியாயமான கேள்வி. தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

ஊரில் 304 விளையாடியவர்களுக்கு ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பெறுமதி உண்டு என்பது மனப்பாடம். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் 304. பெயரே கணக்குத்தான்! சுவிஸில் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள யாஸ் விளையாட்டைக் கண்டிருப்பீர்கள். அதிலும் துரும்பில் ஜாக்தான் முதல், 20 புள்ளி. அடுத்தது ஒன்பது, 14 புள்ளி. இஸ்கோப்பன், கலாவரை என்று நாம் சொல்லும் பெயர்களும் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவைதான். யேர்மனியரின் ஸ்காட்டும் இதே மாதிரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்டன்பேர்க் நகரில் உருவான அந்த விளையாட்டில் 32 கடதாசி, மொத்தம் 120 புள்ளி, வெல்ல 61 வேண்டும்.

போக்கரில் இப்படிக் கூட்டல் கணக்கு இல்லை. தனிக் கடதாசியின் பெறுமதியை விட, ஐந்து கடதாசி சேர்ந்து என்ன உருவம் எடுக்கின்றன என்பதே முக்கியம். அந்த உருவங்களின் வரிசையை யாரும் மனம்போன போக்கில் வைக்கவில்லை. எது அரிதாக வருமோ அது பெரியது. அவ்வளவுதான் சட்டம்.

52 கடதாசியில் ஐந்தை எடுக்க 25 இலட்சத்து 98 ஆயிரத்து 960 வழிகள் உண்டு. இவற்றில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவை ஒன்றுக்கும் உதவாத கைகள். அப்போது பெரிய கடதாசி வைத்திருப்பவர் வெல்வார். ஏஸ்தான் ஆகப் பெரியது, ஜாக் இங்கே நாலாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறார். அதற்கு மேலே ஒரு சோடி, பிள்ளைகள் டொச்சில் பார் என்பார்கள். இது 10 இலட்சத்து 98 ஆயிரத்து 240 தடவை வரும். இரண்டு சோடி 1 இலட்சத்து 23 ஆயிரத்து 552. ஒரே எண்ணில் மூன்று, அதாவது ட்றிலிங், 54,912.

அடுத்ததுதான் அந்த அம்மாவின் மகன் கத்திய இடம். ஸ்ற்றாச என்பது ஐந்து எண்கள் தொடர்ச்சியாக வருவது, உதாரணமாக 5, 6, 7, 8, 9. இனம் கலந்திருக்கலாம். இது 10,200. ஃபிளஷ் என்பது ஐந்தும் ஒரே இனம், எல்லாம் ஆடித்தன் என்பது போல. தொடர்ச்சி தேவையில்லை. இது 5,108. பாதிதான் வருகிறது, ஆகவே ஃபிளஷ் ஸ்ற்றாசவை அடிக்கும். தொடர்ச்சியாக அடுக்குவது கஷ்டம்போலத் தோன்றுவதால் பலர் இதை மாறி நினைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 3,744. ஒரே எண்ணில் நான்கு, ஃபீர்லிங், வெறும் 624. இதைக் கையாலேயே கணக்கிடலாம்: எண்கள் 13, ஐந்தாவது கடதாசிக்கு மிச்சம் 48, பெருக்கினால் 624. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே இனத்தில் தொடர்ச்சியாக ஐந்து. மொத்தம் 40 தான். அதில் பத்திலிருந்து ஏஸ் வரை போகும் நான்கும் ராஜகை, றோயல் ஃபிளஷ்.

இரண்டு சிறு விதிகள். ஏஸ் ஸ்ற்றாசவில் மேலேயும் வரும், 2க்குக் கீழேயும் வரும். ஆனால் கிங், ஏஸ், 2 என்று நடுவில் நிற்காது. மற்றது, இனத்துக்கு இனம் உயர்வு தாழ்வு இல்லை. இஸ்கோப்பன் ஃபிளஷும் கலாவரை ஃபிளஷும் ஒன்றே. எண்களும் சமமாக இருந்தால் பணத்தைப் பங்கிடுவார்கள்.

கணக்காளன் புத்தி சும்மா இருக்காது. நம் 304 கட்டின் 32 கடதாசியை வைத்துப் போக்கர் விளையாடினால் என்ன என்று கணக்குப் போட்டேன். ஃபுல் ஹவுஸ் 1,344, ஃபீர்லிங் 224, ஃபிளஷ் 208! அதாவது ஃபிளஷ் ஃபீர்லிங்கையே அடிக்க வேண்டும். கட்டு மாறினால் வரிசையும் மாறும். 36 கடதாசியில் விளையாடும் ஒரு போக்கர் வகையில் உண்மையாகவே ஃபிளஷை ஃபுல் ஹவுஸுக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் அதிகம் விளையாடுவது டெக்சாஸ் ஹோல்டெம். கையில் இரண்டு, மேசையில் பொதுவாக ஐந்து, ஏழிலிருந்து சிறந்த ஐந்து. இங்கே ஒரு வேடிக்கை. ஏழு கடதாசி இருக்கும்போது ஒன்றுமில்லாத கை 17 வீதந்தான், சோடியோ 44 வீதம். ஆனாலும் பழைய வரிசையையே வைத்திருக்கிறார்கள்.

இனி அம்மாவுக்கான பகுதி. 304இல் கை கெட்டாலும் கடைசிவரை விளையாட வேண்டும். போக்கரில் மற்றவர்கள் பணத்துக்குப் பயந்து கையைப் போட்டுவிட்டால், ஒன்றுமில்லாதவரும் வெல்வார். அதனால் வரிசையைப் பாடமாக்கியவன் ஆட்டத்தை அறிந்தவன் ஆகமாட்டான். மற்றது, ஊர் விறாந்தையில் தோற்றவரின் காசு வென்றவருக்கே போகும். இணையத்தில் மேசைப் பணத்திலிருந்து நிறுவனம் தன் பங்கை எடுத்துவிடும். எல்லோரும் சமமாக விளையாடினால் எல்லோரும் மெல்லத் தோற்பார்கள்.

யேர்மனியின் போக்கர்காரர்கள் உலகப் போட்டியை வென்றதை, 2011இல் பியூஸ் ஹைன்ஸ், 2019இல் ஈரானில் பிறந்த ஹொசைன் என்சான், பிள்ளைகள் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் வென்றாலும் வரித் திணைக்களம் காத்திருக்கிறது. உயர் வரி நீதிமன்றமான பூண்டஸ்ஃபினான்ஸ்ஹோஃப் 2015இல் போட்டிப் போக்கர் வருமானத்தையும், 2023இல் ஒரு கணித மாணவர் இணையப் போக்கரில் உழைத்ததையும் தொழில் வருமானமாகவே கொண்டது. அந்த மாணவரும் 2007இல் சில்லறைக் காசில்தான் தொடங்கினார். பொழுதுபோக்காக எப்போதாவது விளையாடுபவருக்கு இது பொருந்தாது. தொடர்ச்சியாக, இலாப நோக்கில், பெருந்தொகையில் என்று வரும்போதுதான் சிக்கல்.

2021 யூலை 1 முதல் அனுமதி பெற்ற இணையப் போக்கர் இங்கே சட்டபூர்வமானது. 18 வயது கட்டாயம். எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துப் பொதுவாக மாதம் 1,000 யூரோதான் போடலாம். மகனோடு கதைக்கும்போது ஸ்ற்றாசவா ஃபிளஷா என்று தொடங்குங்கள், உங்களுக்கு விளங்குகிறது என்று கண்டால் அவரும் கதைப்பார். பிறகு ஒரு கொப்பியில் இரண்டு பத்தி கீறச் சொல்லுங்கள்: போட்டது, எடுத்தது. மூன்று மாதத்துக்கு.

எழுத மறுத்தாலோ, கடன் தெரியவந்தாலோ, ஓயாசிஸ் என்ற தடைப் பட்டியல் இருக்கிறது. டார்ம்ஸ்ரட்டில் உள்ள அரச அலுவலகம் நடத்துவது. பெயர் பதிந்தால் நாடு முழுவதும் அனுமதி பெற்ற நிறுவனங்கள் அவரைச் சேர்க்க முடியாது. தானாகப் பதிபவர் மிகக் குறைந்தது மூன்று மாதம் என்று கேட்கலாம், கேட்காவிட்டால் ஒரு வருடம். காலம் முடிந்ததும் தடை தானாக நீங்காது, விண்ணப்பித்தால்தான் நீங்கும். குடும்பத்தவரும் தகுந்த காரணங்களோடு விண்ணப்பிக்கலாம், அப்போது சம்பந்தப்பட்டவரின் பக்கத்தையும் கேட்பார்கள்.