ஐம்பது பேரில் நாற்பது பேர்

தேர்வு அறைகள்: தொடர் – 9

சென்ற வாரம் ஆஸ்கர் விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கான்டன் நகருக்குப் போவோம். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கியபடி மோதி முன்னேறும் அமெரிக்கப் புட்பாலின் புகழ் மண்டபம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக் பிறந்த ஊர் கான்டன். 1920 செப்டம்பரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் அணிக்காரர்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான் பிற்பாடு என்.எஃப்.எல். ஆனது. புகழ் மண்டபம் 1963இல் திறந்தது. முதல் ஆண்டில் 17 பேர் இடம்பெற்றார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் மொத்தக் கணக்கு இன்னும் நானூறைத் தொடவில்லை. தேர்வானவருக்குத் தங்கநிறக் கோட்டு ஒன்று, மோதிரம் ஒன்று, மண்டபத்தில் நிரந்தரமாக ஒரு வெண்கல மார்பளவுச் சிலை.

இவர்களைத் தேர்ந்தெடுப்பது 50 பேர் கொண்ட குழு. அதில் பெரும்பாலோர் விளையாட்டு நிருபர்கள். ஒவ்வொரு அணிக்கும் அந்தந்த ஊரிலிருந்து ஒருவர், மீதிப்பேர் பொதுவில். ஜேம்ஸ் லாஃப்டன், டான் ஃபௌட்ஸ் போல மண்டபத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற சில ஆட்டக்காரர்களையும் அண்மைக் காலத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

பெயரை முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு. ஒரு ரசிகர் கடிதம் எழுதிப் போட்டாலே போதும். ஆட்டக்காரர் ஓய்வுபெற்று ஐந்து சீசன்கள் கழிந்திருக்க வேண்டும். நூற்றைத் தாண்டும் அந்தப் பட்டியல் ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, கடைசியில் பதினைந்தாகச் சுருங்கும். இறுதிக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்காகவும் அவருடைய ஊர் நிருபர் எழுந்து சில நிமிடங்கள் வாதாடுவார். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது வெளியே வராது.

களத்தில் ஆடிய ஆட்டத்தை மட்டுமே பார்க்க வேண்டும், சொந்த வாழ்க்கையைப் பேசக் கூடாது என்பது விதி. ஆனால், களம் எங்கே முடிகிறது? டெரல் ஓவன்ஸ் விஷயத்தில் இந்தக் கேள்வி வெடித்தது. ஓய்வுபெற்றபோது பந்தைப் பிடித்து ஈட்டிய யார்டுக் கணக்கில் லீக் வரலாற்றிலேயே இரண்டாவது இடத்தில் இருந்தவர் அவர். உடைமாற்றும் அறையில் அணியைப் பிளந்தார் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். மூன்றாவது முறைதான், 2018இல் தேர்வானார். கான்டன் விழாவுக்குப் போகாமல், தான் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்திலேயே ஏற்புரை நிகழ்த்தினார்.

ஓவன்ஸுக்காவது கைகொடுக்கப் புள்ளிவிவரம் இருந்தது. பந்தைத் தொடாமலேயே ஆடுகிறவர்களுக்கு எதைக் காட்டி வாதாடுவது?

1967 டிசம்பர் 31. விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பே. பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிர். சாம்பியன்ஷிப் ஆட்டம் முடிய இன்னும் 16 விநாடி. டல்லஸ் அணி மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கிறது. கோட்டைத் தொட கிரீன் பேக்கு ஒரு யார்டுக்கும் குறைவான தூரம்தான் பாக்கி, ஆனால் தரை உறைந்துபோய் வழுக்குகிறது. ஜெரி கிரேமர் என்ற முன்வரிசைக்காரர் எதிரே நின்ற ஜெத்ரோ பியூவை முட்டித் தள்ளுகிறார். அந்த இடைவெளியில் பந்தோடு விழுகிறார் பார்ட் ஸ்டார். கிரீன் பே 21–17 என்று ஜெயித்தது. கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறியது ஸ்டாருக்கு. கிரேமரின் கணக்கில் எழுத எதுவும் இல்லை.

லீக்கின் ஐம்பதாண்டு நிறைவுக்காகத் தேர்ந்தெடுத்த கனவு அணியில் கிரேமரும் இருந்தார். ஆனால் மண்டபத்தின் இறுதிச் சுற்றுக்குப் பத்து முறை போய்ப் பத்து முறையும் வெளியே நின்றார். பதினோராவது முறை, 2018இல், மூத்தோர் பிரிவில் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 82. விளையாட்டை விட்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்த ஐம்பது ஆண்டில் அவர் ஆட்டத்தில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை.

கிரேமராவது உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். ஓக்லண்ட் அணிக்குச் சூப்பர் பௌல் வென்று தந்த கென் ஸ்டேப்லர் 2015 ஜூலையில் இறந்தார். தேர்வானது 2016 பிப்ரவரியில். இடையில் ஏழே மாதம். 1920களிலும் 30களிலும் ஆடிய கறுப்பின வீரர் டியூக் ஸ்லேட்டர் 1966இல் மறைந்தார். அவரை மண்டபம் ஏற்றது 2020இல்.

கதவு குறுகலாக இருக்கட்டும். தேர்வாக நூற்றுக்கு எண்பது, அதாவது ஐம்பது பேரில் நாற்பது பேர், சம்மதிக்க வேண்டும் என்பதும் நல்ல விதிதான். எல்லாரையும் விட்டால் அந்தச் சிலைகளுக்கு மரியாதை இருக்காது. என் மனக்குறை வேறு. தகுதியை எடைபோட வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஆள் போட்டியை மூட்டிவிடுவது நியாயம் இல்லை. 2025ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அமலான புதிய முறை அதைத்தான் செய்கிறது.

முன்பு கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஓட்டு. இப்போது பதினைந்து பேரை ஏழாகக் குறைத்து, அதில் ஐந்து பேரைக் குறிக்கச் சொல்கிறார்கள். ஐம்பது பேரும் ஓட்டுப் போட்டால் மொத்தம் 250. தேறுவதற்கு 40 வேண்டும். ஏழு பேரும் சமமான தகுதியுள்ளவர்கள் என்றால் ஆளுக்கு 35 அல்லது 36தான் விழும். அத்தனை பேரும் தகுதியானவர்களாக இருப்பதாலேயே ஒருவரும் 40ஐத் தொட முடியாமல் போகலாம். அதனால்தான் குறைந்தது மூன்று பேரையாவது எடுத்தாக வேண்டும் என்று இன்னொரு விதியும் போட வேண்டியிருந்தது.

மூத்தோர் நிலைமை இன்னும் மோசம். ஓய்வுபெற்று 25 ஆண்டு தாண்டிய மூன்று ஆட்டக்காரர்கள், ஒரு பயிற்சியாளர், ஆட்டத்தை வளர்த்த ஒருவர் என்று ஐந்து பேரை ஒரே சீட்டில் போட்டு, மூன்று பேரைக் குறிக்கச் சொல்கிறார்கள். 150 ஓட்டை ஐந்தால் வகுத்தால் 30. பயிற்சியாளரையும் ஆட்டக்காரரையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? 2025இல் அந்த ஐவரில் ஸ்டெர்லிங் ஷார்ப் ஒருவர்தான் தேறினார். கழுத்துக் காயத்தால் ஏழே சீசனோடு ஆட்டம் முடிந்துபோன அவருக்கு அந்த மரியாதை தகும். தேறாத நால்வரில் ஒருவர் ரால்ஃப் ஹே. தன் ஷோரூமில் லீக்கைப் பிறக்கவைத்த அதே ஹே. அவர் பெயரில் மண்டபம் விருது தருகிறது. அவருக்குச் சிலை மட்டும் இல்லை.

தனித்தனி ஓட்டு என்றால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. 2024இல் அந்த முறைதான் இருந்தது. மூத்தோர் பிரிவிலிருந்து மூன்று பேர் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். ரேண்டி கிராடிஷார், ஸ்டீவ் மெக்மைக்கேல் இருவரும் தேர்வானார்கள், ஆர்ட் பவல் தேர்வாகவில்லை. குழுவுக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியும்.

மெக்மைக்கேல் சிகாகோ பேர்ஸ் அணியின் முரட்டுத் தடுப்பாளர். தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் தாக்கிப் படுக்கையில் இருந்தார். கான்டனுக்குப் போக முடியாது. அதனால் 2024 ஆகஸ்டில் சிலையும் கோட்டும் இல்லினாய் மாநிலத்தில் இருந்த அவர் வீட்டுக்கே வந்தன. பழைய அணித் தோழர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார். புதிய விதி ஓராண்டு முன்பே வந்து, அதில் அவர் தேறாமல் போயிருந்தால், அடுத்த விழாவுக்குள் அவர் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே, மூத்தோர் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டு திரும்ப வர வேண்டும். எண்பது சதவீதம் அப்படியே இருக்கட்டும். இறந்தவர் காத்திருப்பார். எழுபதிலும் எண்பதிலும் இருப்பவருக்கு ‘இந்த ஆண்டு இல்லை’ என்று சொல்லும் குழு, அவர் தகுதியில்லாதவர் என்று சொல்வதற்காக மட்டுமே அப்படிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பெயருக்கு ஓட்டுத் தீர்ந்துபோனதற்காக அல்ல.

அடுத்த வாரம்: பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன்.

(தொடரும்)