லயத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க என்ன வேண்டும்?
திருகோணமலையிலிருந்து சில செய்திகள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் பெரட்டுக்களத்தில் இதே பேச்சுத்தான். "மகனுக்கு கணக்குல ஏ, விஞ்ஞானத்துல பி ஐயா. ஆனா ஆர்ட்ஸ்தான் படிக்கப் போறான்" என்று தாய்மார் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், கிட்ட உள்ள பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. இருக்கிற பாடசாலை டவுனில். காலையில் நேரத்துக்கு பஸ் இல்லை, டியூஷனுக்குக் காசு இல்லை, டவுனில் தங்க இடமும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை விஞ்ஞானத்தைக் கைவிடுவது புத்தி போதாமல் அல்ல, இந்த மூன்றும் இல்லாத குறையால்தான்.

இதைப் பற்றிப் பேச ஏன் திருகோணமலைக்குப் போக வேண்டும்? தேயிலைக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் கேட்கலாம். மலையகப் பிள்ளைகள் இப்போது அங்கே வளாகத்தில் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்குப் பொதுமக்களும் தொண்டு நிறுவனங்களும் என்ன செய்ய முடியும் என்பதை அந்த ஊர் பல காலமாகச் செய்து காட்டியது என்பது இன்னொன்று.

சுவாமி விபுலாநந்தர் பெயரைப் பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். தமிழ்ப் பேராசிரியர், முத்தமிழ் அறிஞர் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, துறவறம் பூணும் முன் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். 1892ல் காரைதீவில் பிறந்தவர். இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து, 1925ல் திரும்பி வந்த பின் கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகளை மிஷன் சார்பில் கவனித்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் அதில் ஒன்று. மட்டக்களப்புப் பக்கம் கல்லடி உப்போடையில் 1929ல் சிவானந்த வித்தியாலயத்தை உண்டாக்கினார். அங்கே வகுப்பறை மட்டும் கட்டவில்லை, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க மாணவர் இல்லமும் நடந்தது. நம்ம நிலைமைக்கு இதைத்தான் கவனிக்க வேண்டும். புத்தகம் கொடுப்பது சுலபம். ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷம் இராத்திரி படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுப்பதுதான் கஷ்டம், அதுதான் பலனும் தரும்.

இன்னொரு விசயம். 1936ல் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்குக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் விபுலாநந்தர்தான். பௌதிகம், இரசாயனம் என்று நம்ம பிள்ளைகள் தாய்மொழியிலேயே உயர்தரம் எழுதுவதற்கு இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

பெண் பிள்ளைகளை மறக்கக் கூடாது. திருகோணமலையில் 1923ல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. "பொட்டப் புள்ளைக்கு பௌதிகம் எதுக்கு" என்று நம்ம லயத்தில் இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. அந்த அம்மா நூறு வருஷத்துக்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மலையக மக்களுக்கும் அந்த மாவட்டத்துக்கும் ஒரு துயரமான தொடர்பும் உண்டு. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் வவுனியா, திருகோணமலைப் பக்கங்களில் குடியேறின. காந்தியம் என்ற அமைப்பு அவர்களுக்குக் காணியும் கிணறும் சிறு பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலையும் ஏற்பாடு செய்தது. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடியேற்றங்களில் வளர்ந்தவர்களும் நம்ம பாட்டன் பாட்டியின் பேரப் பிள்ளைகள்தான்.

இனி இன்றைய நிலைமை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு, கணினி விஞ்ஞானம் படிக்கலாம். உயிரியல் படித்த பிள்ளைக்குச் சித்த மருத்துவப் பட்டமும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வறிய பிள்ளைகளுக்கு மகாபொல அல்லது பர்சரி உதவி கிடைக்கும். பெற்றோர் பயப்படுவது போல் நகை அடகு வைத்துப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. கஷ்டம் அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானப் பிரிவுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பார்கள். நுவரெலியா, பதுளை, திருகோணமலை மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குத் தேவையான வெட்டுப்புள்ளி நம்ம பிள்ளைக்குத் தேவையில்லை. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான், லயத்துக்கு அல்ல. டவுனில் டியூஷன் போகிற பிள்ளையும் அதே வரிசையில் நிற்கிறது. கோட்டா இருக்கிறதே என்று சும்மா இருந்தால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

டியூஷன் இல்லாத குறையைக் கொஞ்சம் தீர்க்கிற ஒரு வேலையை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் செய்கிறார்கள். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துவார்கள். வினாத்தாளை அவர்களே தயாரித்து, விடைத்தாளைத் திருத்தி, புள்ளியும் கொடுப்பார்கள். பெரிய பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்துவிடும். யாரும் சம்பளம் வாங்காமல் நடக்கிற காரியம் இது. உங்கள் பாடசாலை அதிபரிடம், இம்முறை எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்துக்கு நமக்கென்றே ஒரு நிதி இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக இந்திய அரசாங்கத்தின் உதவியோடு 1940களில் உண்டான தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தைத்தான் சொல்கிறோம். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் மூலம் உயர்தர, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இவ்வளவு காலமாக இருந்தும் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்கிற கங்காணிமாரை இன்னும் காண்கிறோம்.

உயர்தரத்துக்கு விஞ்ஞானம் கிடைக்காத பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. சாதாரண தரம் சரிவராத பிள்ளை தொழிற்பயிற்சிக்குப் போய் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். மூன்றாம், நான்காம் மட்டத்தில் வேலை தெரிந்த எலக்ட்ரீசியனாகவோ வெல்டராகவோ வரலாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: பிரீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். மாவு ஆலையில் கோதுமையைச் சோதித்துப் பார்க்கிறவருக்கும் இரசாயனம் தெரிய வேண்டும், மெஷின் பழுது பார்க்கிறவருக்கும் மின்சாரம் தெரிய வேண்டும். விஞ்ஞானம் என்றால் டொக்டரும் இன்ஜினியரும் மட்டும் என்று நினைத்து, அது கிடைக்காவிட்டால் கொழும்புக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவது நம்ம பெரிய குறை.

கடைசியாக, விண்ணப்பம் போடும் பெற்றோருக்கு. புலமைப்பரிசிலுக்குப் பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று காட்டும் கடிதம் கேட்பார்கள். அதை ஆபீசில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அதைவிட முக்கியம் பிறப்புச் சாட்சிப்பத்திரம். அதில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அப்பாவின் அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று இருக்கிற பிள்ளைகள் நம்ம தோட்டங்களில் ஏராளம். திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். முடிவுத் திகதிக்கு முந்தின நாள் ஓடி வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவுடனேயே மூன்று கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து வித்தியாசம் இருந்தால் சம்பள நாள் வரை காத்திருக்காமல் அவற்றை எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டிய படிவத்தை நிரப்பித் தருகிறோம்.