எதைச் சொல்லாமல் விடுவது?

கணினி என்றாலே மேசைமேல் வீற்றிருக்கும் ஒரு பெட்டியும், அதன் முன் கண்களை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருமே நினைவுக்கு வந்த காலத்தில், அந்தப் பெட்டியைக் கண்ணிலிருந்து மறையச் செய்வதே விஞ்ஞானத்தின் அடுத்த லட்சியம் என்று வாதித்தவர் மார்க் வைசர். நம் ஊர்க் கடைவீதிகளில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோ நகரில் நடத்திவந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த அவர், சுவரிலும் கதவிலும் சட்டைப்பையிலும் கணினிகள் பரவி, தாம் இருப்பதே தெரியாமல் மனிதருக்கு ஊழியம் செய்யும் காலம் வருமென்று 1991-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையே, எங்கும் நிறைந்த கணினி என்று இன்று சர்வகலாசாலைகளில் போதிக்கப்படும் துறைக்கு ஆதார நூல் போல விளங்குகிறது.

அதே கூடத்தில் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் கூரையிலிருந்து எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் தலைப்பில் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, அதைக் கணினி வலைக் கம்பியோடு இணைத்துவைத்தார். தகவல் போக்குவரத்து மிகுந்தால் கயிறு சலசலத்துச் சுழலும். குறைந்தால் எப்போதோ ஒருமுறை துடிக்கும். ஏட்டில் எழுதி வைக்க வேண்டிய எண்களை இப்படி ஓரக்கண்ணுக்கும் செவிக்கும் உரியதாக ஆக்கிய அந்த எளிய சாதனம், பார்க்க விரும்புகிறவருக்குச் செய்தி சொல்லி, விரும்பாதவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டது என்பதே அதன் விசேஷம்.

மனிதரை உறுத்தாமல் கணினியை அமைக்கும் இந்த வித்தையை மாணவர்கள் எப்படிப் பயில்கிறார்கள் என்பதற்கு அட்லாண்டா நகரின் ஜார்ஜியா டெக் தொழில்நுட்பக் கல்லூரி நல்ல உதாரணம். அங்கே மனிதரும் கணினியும் கொள்ளும் உறவைப் பற்றிய முதுகலைப் படிப்பைக் கணினித் துறை தனியே நடத்தவில்லை. அதனுடன் உளவியல் துறையும், பொருள் வடிவமைப்புத் துறையும், இலக்கியமும் ஊடகமும் கற்பிக்கும் துறையும் சேர்ந்தே நடத்துகின்றன. இலக்கியத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர் மனிதரைக் கவனிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறியாதவர். இத்தகைய படிப்புகளில் இயந்திரம் உருவாகும் முன்பே அதைச் சோதிக்கும் ஒரு வழக்கமும் உண்டு: மறைவில் அமர்ந்த மாணவர் ஒருவரே இயந்திரமாக நடித்துப் பதில் சொல்ல, அதை நிஜமென்று நம்பிப் பேசுகிறவர் எங்கே தயங்குகிறார், எங்கே எரிச்சலடைகிறார் என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

அந்தக் கல்லூரியின் அருகிலேயே, கிரிகரி அபோட் முதலிய பேராசிரியர்களின் முயற்சியால், ஆராய்ச்சிக்கென்றே மூன்று தளங்களில் ஒரு வீடு எழுப்பப்பட்டது. நடப்பவர் இன்னார் என்று காலடியின் அழுத்தத்தைக் கொண்டே கண்டறியும் தரையை அங்கே சோதித்தார்கள். சாமர்த்தியமான வேலைதான், ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது அதுவன்று. தூரத்தில் தனியே வாழும் தாயைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளுக்காக எலிசபெத் மைனாட் குழுவினர் அமைத்த டிஜிட்டல் நிழற்படமே அது. தாயின் படத்தைச் சுற்றிய சட்டத்தில், நாளுக்கு ஒன்றாக, வண்ணத்துப்பூச்சிகள் தோன்றும். அவர் நன்றாக நடமாடிய நாளுக்குப் பெரியது, முடங்கிக் கிடந்த நாளுக்குச் சிறியது. உணர்கருவிகள் நிறைந்த வீட்டில் காமிரா வைத்து எல்லாவற்றையும் காட்டிவிடுவது எளிதாக இருந்தும், அவர் என்ன உண்டார், யாரோடு பேசினார் என்ற எதையும் வெளியிடாமல், 'அம்மா சௌக்கியமாக இருக்கிறாள்' என்ற ஒன்றை மட்டும் தெரிவிக்கத் தீர்மானித்த அந்த நிதானத்திலேயே இந்தக் கலையின் முழு நுட்பமும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆகவே, இந்தக் கலையைப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்ற பெயரில் சுருக்கி, திரைக்கு வர்ணம் தேர்வதையும் பொத்தான்களை அடுக்குவதையும் மட்டும் கற்பித்து அனுப்பும் குறுகியகாலப் பயிற்சிகளை நான் சிலாகிப்பதற்கில்லை. 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து இச்சொற்றொடரைப் பிரபலமாக்கிய டொனால்ட் நார்மனே, பொருளை வாங்குவது முதல் பழுதுபார்ப்பது வரை அனைத்தும் அதில் அடக்கம் என்ற கருத்துடையவர். நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-இல் தோன்றிய வடிவமைப்பு மையம் போன்ற இடங்களில் இத்துறையைக் கற்க வழியுண்டு. சேர விரும்புகிறவர்கள், எந்தெந்த மென்பொருள் கற்பிக்கப்படுகிறது என்று விசாரிப்பதற்கு முன், மாணவரை வகுப்பறைக்கு வெளியே அனுப்பி, முன்பின் அறியாத மனிதரின் வீட்டிலும் தொழிலிடத்திலும் உட்கார்ந்து கவனிக்கச் செய்கிறார்களா என்று விசாரிக்க வேண்டுகிறேன்.