ஏழு பேர் ஏறுகிற வண்டி... எஞ்சினைப் பற்றி நாமும் கேட்போம்!



நம்ம திருநெல்வேலிப் பக்கம் பெரிய வண்டி வாங்குவதே குடும்பத்தோடு போய் வரத்தான். திருச்செந்தூரில் பிள்ளைக்கு மொட்டையா, பாபநாசத்தில் குளியலா, குற்றால சீசனா, கல்லிடைக்குறிச்சியில் கல்யாணமா... ஆச்சி, தாத்தா, மைனி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே வண்டியில்தான். வாங்கும்போது நம்மிடம் கலர் கேட்பார்கள், சீட் கவர் கேட்பார்கள். எஞ்சின் பேச்சு வந்தால் மட்டும், 'அது ஒனக்கு எதுக்கு?' என்று வாயை அடைத்து விடுவார்கள். ஆனால், நடுரோட்டில் எஞ்சின் நின்றால் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது நாம்தானே!

அதனால், 'ரீகால்' என்ற ஒரு வார்த்தையை நாம் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காஸ் சிலிண்டரில் வாஷர் சரியில்லை என்றால், கொண்டு வந்தவரிடமே சொல்லி மாற்றச் சொல்லுகிறோம் இல்லையா? அதுபோல, விற்ற வண்டிகளில் ஒரு குறை இருப்பது தெரிந்தால், கம்பெனியே எல்லாரையும் கூப்பிட்டு, காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். அதுதான் ரீகால்.

இது எங்கோ நடக்கிற சங்கதி என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் 'செவர்லே டவேரா' ஓடியது ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீட்டுக்காரர்கள் தேடிப் பிடிக்கும் வண்டி! 2005 முதல் 2013 வரை தயாரான டவேராக்களில் சுமார் 1,14,000 வண்டிகளை, 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி திரும்ப அழைத்தது. புகை அளவும், சொன்ன தர அளவுகளும் சரியில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அரசு சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த எஞ்சின்களைப் பொருத்தி அனுப்பிய விஷயமும் அப்போது வெளியே வந்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பதம் பார்க்கிற சோற்றை மட்டும் தனியாக வேகவைத்தால் என்ன செய்வது!

அதற்குப் பிறகும் பெரிய வண்டிகளின் ரீகால் நிற்கவில்லை. 2021 செப்டம்பரில் மாருதி, எர்டிகா, எக்ஸ்எல்6 உள்ளிட்ட பெட்ரோல் வண்டிகளில் 1,81,754-ஐ, எஞ்சினோடு சேர்ந்த மோட்டார் ஜெனரேட்டரைச் சோதிக்க அழைத்தது. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, எக்ஸ்யூவி700 வண்டிகளில் 1,08,306-ஐ அழைத்தது. எஞ்சின் பக்கம் போகும் ஒயர் உரசி அறுந்துவிடக் கூடாதே என்று பார்க்கத்தான். அமெரிக்காவிலும் இதே கதை. வண்டிக்காரர்கள் அனுப்பிய புகார்களைப் பார்த்து, 2025 ஜனவரியில் அங்குள்ள அரசு அமைப்பு விசாரணை தொடங்கியது. ஓடும்போதே எஞ்சின் கெட்டுப்போகும் என்பதால், ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 6 லட்சம் பெரிய வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

ரீகால் அறிவித்த கம்பெனியைப் பார்த்து, 'ஐயோ, மோசம்' என்று மிரள வேண்டாம். குறையை மறைக்காமல் கூப்பிடுவது நல்லதுதான். கூப்பிட்டும் நாம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டு வண்டிக்கே நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். வாங்கிய எட்டாம் மாதம், செய்துங்கநல்லூர் தாண்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு இறுகிப்போகும். பின்னால் லாரி! என்னவர் எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். சர்வீஸ் சென்டரில், "டீசல் சரியில்லைங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை சீட்டில் 'பொதுச் சோதனை' என்று எழுதப் பார்த்தார்கள்.

"அப்படி வேண்டாம் தம்பி, ஓடும்போது எஞ்சின் நிக்குதுன்னு நான் சொல்லுத மாதிரியே எழுதுங்க" என்று நின்றே வாங்கினேன். மூன்றாம் தடவை நின்றதும், அந்தச் சீட்டை மேஜையில் வைத்தேன். வாய்ப்பேச்சுக்கு மசியாதவர்கள் காகிதத்துக்கு மசிந்தார்கள்! எரிபொருள் பம்பை வாரண்டியில் இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

எங்கள் வண்டி சரியாகிவிட்டது. ஆனால் அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள்? அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, மக்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலுக்கு வந்தன. ஒரே குறையைச் சொல்லி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளின் சொந்தக்காரர்கள் இத்தனை பேர் புகார் செய்தால் விசாரணை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகம் விற்கும் கார்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் புகார் வேண்டும். கட்டாய ரீகால் வந்தால், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

கணக்கைப் பார்த்தீர்களா தோழியரே? 'நமக்குச் சரி பண்ணிக் கொடுத்துட்டான், போதும்' என்று ஒவ்வொரு வீடும் இருந்துவிட்டால், அந்த ஆயிரம் எப்போது சேரும்?

நாம் செய்யக்கூடியவை இவைதான்:

* ஆர்.சி. புத்தகத்தில் 17 எழுத்தும் எண்ணுமாகச் சேசிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் அதைப் போட்டால், உங்கள் வண்டிக்கு ரீகால் உண்டா என்று தெரியும். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். கம்பெனிக்காரர் கூப்பிடுவது முதல் சொந்தக்காரர் நம்பருக்கல்லவா போகும்!

* சர்வீஸ் சீட்டுகளை ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள். நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

* பாதுகாப்புக் குறையை, போக்குவரத்துத் துறையின் 'வாகன்' இணையதளத்தில் ரீகால் பகுதியில் பதியுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனிலேயே செய்து தருவார்கள்.

* கம்பெனி கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், குறை தெரிந்த 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு, கட்டணம் 400 ரூபாய்தான்.

எல்லாப் பழியையும் கம்பெனி தலையில் போடவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகி ஊரே மிதந்தபோது, எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் சாவியைத் திருகினால், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே இருக்கும் ராடுகள் வளைந்துவிடும். அதற்கு ரீகால் கிடையாது. இன்சூரன்ஸிலும், எஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் கை கொடுக்கும். நம்ம பக்கம் பழைய வண்டி வாங்குவோர், 'வெள்ளத்தில் நின்றதா?' என்று முதலில் கேளுங்கள்.

வண்டி போகும்போது நம் கண்ணும் கொஞ்சம் டேஷ்போர்டில் இருக்கட்டும். சூடு காட்டும் முள் ஏறினாலோ, சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தாலோ, 'இந்தா, ஸ்ரீவைகுண்டம் வந்துரும்' என்று ஓட்ட விடாதீர்கள். ஓரம் கட்டி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரை ஆவி அடங்காமல் திறப்பது போலத்தான்! கருகிய வாசனையோ, பெட்ரோல், டீசல் வாசனையோ வந்தால், முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் இறக்கிவிடுங்கள். சாமான் அப்புறம்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். ஒரு வீட்டுப் புகாரும் அப்படித்தான். அடுத்த தடவை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, 'நானும் வாரேன்' என்று கிளம்புங்கள், தோழியரே!

— பாளையங்கோட்டை வாசகி