செவிலியர் மேற்படிப்பும் நோயாளர் நலனும்

நன்கு பழகிய செவிலியர் மேற்படிப்புக்காக விடைபெறும்போது நோயாளரும் குடும்பத்தினரும் வருந்துவதை நாங்கள் அறிவோம். எனினும் அப்பிரிவு வீணன்று.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியர் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. இன்று நான்காண்டு இளநிலைப் படிப்பை முடித்து, ஓராண்டேனும் பணியாற்றியவர் ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் போன்றவற்றுள் ஒரு துறையை ஆழ்ந்து கற்று, ஆய்வும் செய்கிறார். தீவிர சிகிச்சைக்கெனத் தனி முதுநிலைப் படிப்பும் உண்டு.

இதன் பயன் யாது? மூச்சிலும் நாடியிலும் தோன்றும் சிறு மாற்றத்தின் பொருளை விரைந்து உணர்தல், அதனை மருத்துவரிடம் தெளிவாக எடுத்துரைத்தல், இளஞ்செவிலியருக்குக் கற்பித்தல்.

அத்தகைய செவிலியர் உங்கள் பிரிவில் இருப்பின், வீடு திரும்புமுன் புண்ணைப் பேணும் முறையையும் மருந்து கொடுக்கும் வேளையையும் தயங்காது கேளுங்கள். அவர் கற்ற கல்வி உங்கள் இல்லம்வரை வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.